ராமாபுரத்தில் ஒரு குவளை தேநீர்



அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறி, மாநில எல்லையைக் கடந்து, காட்டுச் சாலையில் சென்றால் ராமாபுரம் வரும். கொள்ளேகாலிலிருந்து வருகிறவர்கள் ஹனூரைத் தாண்டி வரவேண்டும். பழைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்றது. அதற்கும் முன்னே, 1956 வரைக்கும், கொள்ளேகால் வட்டாரம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகையால் இங்கே கன்னடமும் தமிழும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் அருந்துகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அங்கே பேருந்தை விட்டு இறங்கினேன். தேநீர்க்கடையில் ஒரு பெரியவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குச் சற்று முன்பாக வாயில் இட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறையும் தவறவில்லை. பிஸ்கட்டிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரை பசைபோல் பிடித்து வைத்திருக்கிறது. சூட்டில் அது கரைந்ததும் பிஸ்கட் விழுந்துவிடுகிறது. இதை ஆராய்ந்த இயற்பியலாளர் லென் ஃபிஷருக்கு 1999-இல் 'இக் நோபல்' என்னும் நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. அந்தப் பெரியவருக்கோ இது அனுபவத்தில் வந்த கல்வி.

தேநீர் நம் முன்னோரின் பானமன்று. ஆங்கிலேயர் அசாமில் தோட்டமிட்ட நாள்முதல் தேயிலையில் பெரும்பகுதி கப்பலேறிப் போயிற்று. 1930-களில் வெளிநாட்டுச் சந்தை சரிந்தபோதுதான் தேயிலை வணிகர்கள் நம் மக்களைத் தேநீருக்குப் பழக்குவதில் மும்முரமானார்கள். பின்பு, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் பரவியது. கொஞ்சம் தூளிலேயே கடுமையான சாறு இறங்கியதால், தேநீர் ஏழையின் பானமாயிற்று. 1929-இல் மும்பை விலே பார்லேயில் தொடங்கிய பார்லே நிறுவனத்தின் குளுக்கோஸ் பிஸ்கட்டும் அவ்வாறே குக்கிராமங்களை எட்டியது. கட்டட வேலைக்குச் செல்லும் எத்தனையோ பேருக்கு இவ்விரண்டுமே காலை ஆகாரம் என்பதை நகரத்தில் குடியேறிய நீங்கள் நன்கு அறிவீர்கள்.

நான் சந்திக்கச் சென்றது ஒரு வயதான தாயாரை. அவருடைய மகன் நகரத்தில் கூலிவேலை செய்து, எங்கள் சபைக்கு வருகிறவர். ஓட்டு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து நலம் விசாரித்தேன். அவர் அடுப்பை மூட்ட எழுந்தபோது, "வேண்டாம் அம்மா, இப்போதுதான் கடையில் குடித்தேன்; கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது" என்று எழுந்தேன்.

அவர் முகம் வாடிற்று. "எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்களாய்யா?" என்று மெல்லக் கேட்டார்.

அந்தக் கேள்வி என் நெஞ்சைத் தைத்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேநீர்க்கடைகள் பல, சிலருக்கு வேறு குவளை வைத்து, அதை அவர்களையே கழுவச் செய்த கொடுமையை நாம் அறிவோம். அவ்விதம் ஒதுக்கப்பட்ட வீட்டார் நீட்டும் குவளையை மறுத்தால், நம் அவசரம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பழைய அவமானமே தெரியும். விருந்தோம்பலைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்த நான், ஏற்றுக்கொள்வதும் அதில் ஒரு பகுதி என்பதை மறந்துபோனேன்.

மறுபடியும் உட்கார்ந்தேன். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலம் வந்தது. பேரப்பிள்ளைகள் வரும்போது கொடுப்பதற்காக வாங்கி வைத்தது. பால் இல்லாத தேநீர். சர்க்கரை சற்று அதிகம். அவரும் ஒரு குவளையோடு எதிரே அமர்ந்தார். என் முதல் பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அதைக் கண்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பின் மகனுடைய சிறுவயதுக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசிப் பேருந்து போய்விட்டது. இரவு அவ்வூரிலேயே தங்கினேன்.

அன்பானவர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது பை நிறையப் பொருள்களைக் கொண்டுபோவீர்கள், நல்லதுதான். ஆனால் கொடுத்துவிட்டு உடனே எழுந்துவிடாதிருங்கள். அவர்கள் நீட்டும் குவளையை வாங்கி, அது ஆறும்வரை அவர்களோடே உட்கார்ந்திருங்கள்.