விடுபட்டவர்களை எண்ணுங்கள்

லெஸ்டர், இங்கிலாந்து



போன வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கடிதத்தோடு வந்து கதவைத் தட்டினார். வயது 81, தனிக்கட்டை, கண் மங்கிவிட்டது. வாசித்துக் காட்டினேன். குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கு ‘பென்சன் கிரெடிட்’ என்றொரு தொகை உண்டு, உங்களுக்கும் தகுதி இருக்கலாம், கேட்டுப் பாருங்கள் என்று உள்ளாட்சியிலிருந்து எழுதியிருந்தார்கள். கேட்காதவரைத் தேடி அரசாங்கம் எழுதிய அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்திருந்தபோது எனக்கு நம் ஊர்ச் சித்தி ஞாபகம் வந்துவிட்டது.

இந்த நாட்டில் 1909 ஜனவரி 1 அன்று அஞ்சல் நிலையங்களில் முதியோர் பென்சன் கொடுக்கத் தொடங்கினார்கள். எழுபது வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங். அதை விடவும் நான் பெரிதாக நினைப்பது இன்னொன்று. இங்கே பணம் வாங்குகிறவர்களின் கணக்கோடு, தகுதி இருந்தும் வாங்காதவர்கள் எத்தனை பேர் என்ற மதிப்பீட்டையும் அரசே வெளியிடுகிறது. 2021-22இல் பென்சன் கிரெடிட்டுக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் 63 சதவீதம்தான் அதைப் பெற்றன, 8.8 லட்சம் குடும்பங்கள் வரை விடுபட்டிருக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது. அந்த எண்ணைக் காட்டித்தான் நாடாளுமன்றத்தில் சண்டை போடுகிறார்கள். அந்த எண் இருப்பதால்தான் பாட்டிக்குக் கடிதம் வருகிறது.

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்துச் சித்தி முப்பது வருஷம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவள். உடைக்கும்போது தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள், ஆனாலும் விரல் நுனி கறுத்து உரிந்துகொண்டே இருக்கும். முதியோர் பென்சனுக்கு மனுப் போடப் போன இ-சேவை மையத்தில் அவள் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்கள். போனில் என்னிடம் சொன்னாள்: “எனக்க கையில ரேகை இல்லேண்ணு சொல்லுதாவ மக்களே. உயிரோட நிக்கியவள மிஷின் ஒத்துக்கிட மாட்டேங்கு.” பல மாதம் அலைந்து அதைத் தாண்டினாள். அடுத்ததாக ஓ.ஏ.பி. என்கிற அந்த முதியோர் பென்சன் மனு தள்ளுபடி. காரணம் எழுத்தில் இல்லை. வாயால் சொன்னார்கள்: மகன் வெளிநாட்டில் இருக்கிறானே, நீ எப்படி ஆதரவற்றவள்? அந்த மகன் பணம் அனுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இதே கதை!

இந்தச் சித்தி எந்தக் கணக்கில் வருகிறாள்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, ஏதேனும் ஒரு சமூகப் பாதுகாப்பாவது பெறும் இந்தியர்கள் 2015இல் 19 சதவீதம், 2025இல் 64.3 சதவீதம், ஏறக்குறைய 94 கோடிப் பேர். பெரிய முன்னேற்றம்தான், மகிழ்ச்சியோடு சொல்கிறேன். மிச்சமிருக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்கள் யார், எந்த ஊர், ஏன் கிடைக்கவில்லை? அந்தப் பட்டியல் நம்மிடம் இல்லை. மத்திய அரசின் முதியோர் பென்சனில் 60 முதல் 79 வயதுவரை அதன் பங்கு மாதம் 200 ரூபாய். 2007 முதல் அது ஏறவில்லை. பயனாளிகளின் உச்சவரம்பும் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. அன்றைக்குப் பிறகு எத்தனை பேர் கிழவர்களானார்கள்! தமிழகம் 1962லேயே, காமராஜர் முதல்வராக இருந்தபோது, 20 ரூபாயில் இந்தப் பென்சனைத் தொடங்கியது. 2023இல் அது 1,200 ஆனது. மத்திய அரசு கைகழுவிய பாரத்தை மாநிலம் சுமக்கிறது. ஆனால் தள்ளுபடியான மனுக்களை ஊர்வாரியாக யார் வெளியிடுகிறார்கள்?

குமரி மாவட்டத்துக்கு நல்ல பெயர் உண்டு. 2011 கணக்கில் எழுத்தறிவு 91.75 சதவீதம், ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். இந்த நல்ல சராசரிக்குப் பின்னால்தான் சித்தி மறைந்துபோகிறாள்.

எண்ணிக்கை என்றால் என்ன என்பதை நம் மீனவர்கள் 2017இல் ஊருக்கே காட்டினார்கள். நவம்பர் 29 இரவு ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். காணாமல் போனவர் எத்தனை என்பதில் அரசு சொன்ன எண்ணும் ஊர் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை. பங்குத்தந்தையரும் ஊராரும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர் இறந்ததாகக் கருத ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காத்திருப்பைத் தளர்த்தித்தான் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. பெயர்ப்பட்டியல் கையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துப் பெண்கள் எதை வைத்துக் கேட்டிருப்பார்கள்?

பென்சனுக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்குப் போன் பண்ணும்போது அம்மை சாப்பிட்டாளா என்று கேட்பதோடு, அடுத்த வீட்டுக் கிழவிக்கு ஓ.ஏ.பி. வருகிறதா என்றும் கேளுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு: நவம்பர் 1, நம் மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு சேர்ந்த நாள். உள்ளாட்சி தினமாக அன்று கிராம சபையும் கூடுகிறது. இந்த வருஷம் சபையில் எழுந்து நின்று, தள்ளுபடியான மனுக்கள் எத்தனை, காரணம் என்ன என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். எங்கள் ஊரில் அதை முதலில் கேட்கப்போகிறவள் சித்திதான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.