முளைக்கிறதா என்று பார்த்தீர்களா?

என் பிறந்த வீடு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா விதை நெல்லை ஒரே இடத்தில் வைக்கமாட்டார். பாதி எங்கள் வீட்டுப் பத்தாயத்தில், பாதி சித்தப்பா வீட்டில். விதைக்கும் முன் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைப்பார். முளை விட்ட பிறகுதான் மிச்சத்தைத் தொடுவார். "இருக்குங்கிறது வேற, முளைக்கும்ங்கிறது வேற" என்பார். அந்தப் பாடத்தை நாற்பத்தாறு வயதில், அதுவும் கம்ப்யூட்டர் விஷயத்தில், நான் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். பருப்புப் பொடி, வற்றல், பிள்ளை பெற்றவர்களுக்கான அங்காயப் பொடி இவற்றைச் செய்து விற்கிறேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பெரியவன் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். படமும் விலையும் காட்டும் பக்கங்கள் ஒன்று. யார், என்ன கேட்டார், விலாசம் என்ன என்ற கணக்குப் புத்தகம் இன்னொன்று. இந்தப் புத்தகத்துக்குத்தான் டேட்டாபேஸ் என்று பெயர். இரண்டும் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் இருந்தன. "தினம் ராத்திரி என் லாப்டாப்புக்குக் காப்பி வந்துடும்மா, கவலையே படாதே" என்றான். நானும் ஆர்டர்களை நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஆவணியில் அந்த சர்வரின் டிஸ்க் பழுதாகிவிட்டது. பையன் பதறவில்லை. காப்பியை எடுத்துப் புது இடத்தில் போட்டான். படங்கள் வந்தன, விலைகள் வந்தன. கணக்குப் புத்தகம் மட்டும் திறக்கவே இல்லை. விடிய விடிய உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தப்பு என்னுதும்மா" என்றான்.

விஷயம் இதுதான். நாள் முழுக்க ஆர்டர் எழுதிக்கொண்டே இருக்கும் டேட்டாபேஸை, ஓடும்போதே ஃபோல்டரோடு காப்பி அடித்தால், பாதி எழுதினதும் பாதி எழுதாததுமாக வந்துவிடும். அதைச் சீராக வெளியே எடுக்க அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுக்காமல் மாதக் கணக்கில் காப்பி எடுத்திருக்கிறான். ஒரு நாளாவது திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்!

வங்கிச் செய்திகளில் பணம் கட்டியவர் பெயர் இருந்தது, விலாசம் இல்லை. பதினைந்தாம் நாள் ஒரு அம்மாள் போன் செய்தார். "பொண்ணுக்குக் குழந்தை பிறந்து பத்து நாளாச்சு. அங்காயப் பொடி வரவே இல்லையேம்மா?" அவர் கோபப்படக்கூட இல்லை. எனக்குத்தான் கூசிப்போயிற்று. அன்றே பொடி இடித்து அனுப்பினேன்.

எனக்கு மட்டும் நடந்ததா என்றால் இல்லை. 1998-ல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில், 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. அங்கே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணி, பிரசவமான புதிதில் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு காப்பி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுபோனார்களாம். கைக்குழந்தைக்காரியின் வீட்டில் இருந்ததுதான் உதவியது!

காப்பி வேறு ஊரில் இருப்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் தீப்பிடித்தது. காப்பியையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. பக்கங்களுக்கு ஒரு காப்பி. டேட்டாபேஸுக்கு அதன் கட்டளைப்படி ஒரு காப்பி. ஒரு செட் இன்னொரு ஊரில் உள்ள சர்வருக்குத் தினமும் போகிறது. வாரம் ஒருமுறை தனி டிஸ்க்கில் எடுத்ததும் ஒயரைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவோம். வைரஸ் வந்தாலும் அதைத் தொடாது. ஊரார் விலாசமும் போன் நம்பரும் அதில் இருப்பதால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறோம். பாஸ்வேர்டை எழுதின காகிதம் டிஸ்க்கோடு இல்லை, என் நகைப் பெட்டியில். சாவியைப் பெட்டியின் மேலேயே வைத்தால் பூட்டு எதற்கு?

மாதத்தின் முதல் ஞாயிறு, ஈரத்துணிப் பரீட்சை. பழைய லாப்டாப் ஒன்றில் காப்பியைப் போடச் சொல்லி, நானே பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்பேன். மொத்த ஆர்டர் எத்தனை? காப்பி எடுத்த அன்று கடைசியாக வந்தது எது? தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக மாறாமல் எழுத்தாகவே தெரிகின்றனவா? மூன்றும் சரியென்றால், பரீட்சைக்குப் போட்டதை அழித்துவிடச் சொல்வேன். பிறர் விலாசம் பழைய லாப்டாப்பில் கிடக்கக்கூடாது.

"வாத்தியார் மாதிரி கேக்கறியேம்மா" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்!

உங்களுக்கு வெப்சைட் இல்லாமல் இருக்கலாம், சகோதரிகளே. குழந்தையின் முதல் சிரிப்பு உங்கள் போனில் இருக்கிறதல்லவா? அதற்கு வேறிடத்தில் ஒரு காப்பி உண்டா? உண்டென்றால், இன்றைக்கே அதிலிருந்து ஒரு படத்தைத் திறந்து பாருங்கள்.