சரிவில் கவிழாத வண்டி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசக அன்பர்களே! டிராக்டர் ஒன்று சரிவில் கவிழ்ந்து கிடப்பதை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது 1974ஆம் ஆண்டில். அதனடியில் கால் சிக்கிக் கிடந்தவர் என் கூடப் பிறந்த அண்ணன். அந்தக் கதையை இத்தனை ஆண்டுகள் கழித்து என்னை எழுத வைத்தது ஒரு விளையாட்டு வண்டி என்றால் நம்புவீர்களா?

அண்ணன் அப்போது கிள்ளான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் ஏற்றும் டிராக்டர் ஓட்டி வந்தார். முதல் நாள் இரவு முழுதும் மழை. மரம் காயத் தாமதமாகி, பால் குறைவாகத்தான் கிடைத்தது. பாதி நிறைந்த தொட்டியோடு மேட்டுச் சரிவின் குறுக்கே வந்தபோது, பின்வண்டி சாய்ந்து டிராக்டரையும் சேர்த்துப் புரட்டிவிட்டது. உயிர் தப்பியது மாரியம்மன் புண்ணியம். ஆனால் வலது கால் அன்று முதல் மடங்குவதில்லை.

விசாரித்தவர்கள் "ஓட்டியவரின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்தார்கள். அண்ணன் குடித்திருந்தார் என்றுகூட லயத்தில் சிலர் வாய் கூசாமல் பேசினார்கள். "நான் வேகமாகப் போகவில்லை தம்பி" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். பிறகு அதைப்பற்றிப் பேசவே இல்லை. நான் பட்டணத்துக்கு வந்து மோட்டார் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை செய்தவன். வண்டிகளைப் பற்றித் தெரிந்த நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரை முழுதாக நம்பவில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் அண்ணனின் பேரன் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். பதினான்கு வயது. பையில் ஒரு சிறிய லேண்ட் ரோவர். யாரோ விளையாடித் தள்ளியதை மலிவாக வாங்கியிருக்கிறான். கையிலுள்ள கருவியால் தூரத்திலிருந்து ஓட்டுவது. அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. இதற்கு வேகமில்லை, மனிதன் நடக்கும் வேகம்தான். பாறைமேல் ஊர்ந்து ஏறுவதே இதன் வேலை என்பதால் 'ராக் கிராலர்' என்கிறார்கள். லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வெளியுலகம் கண்ட வண்டி. நம் தோட்டத்துத் துரைமார் அதில் வந்து இறங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"சின்னத் தாத்தா, சரிவில் போனாலே கவிழ்கிறது. பெரிய ஸ்பிரிங் போட்டு உயரமாக்கித் தாங்களேன்" என்றான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உயரமான வண்டிதானே கல்லைத் தாண்டும்? போட்டுக் கொடுத்தேன். முன்னைவிடச் சீக்கிரமாகக் கவிழ்ந்தது!

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தோம். சரிவின் குறுக்கே வண்டி நிற்கும்போது என்ன நடக்கிறது? பள்ளத்துப் பக்கத்து ஸ்பிரிங் பாரத்தால் அமுங்குகிறது. மேட்டுப் பக்கத்து ஸ்பிரிங்கோ பாரம் குறைந்ததும் நிமிர்ந்து, வண்டியின் உடலைப் பள்ளத்தை நோக்கித் தள்ளுகிறது. நம்மைத் தாங்க வேண்டியதே நம்மைத் தள்ளிவிடுகிறது. செங்குத்தாக ஏறும்போதும் அப்படித்தான். முன் ஸ்பிரிங் நிமிர்ந்து வண்டியை மல்லாத்திவிடும்.

இதற்கு மாற்றாக 'ட்ரூப்' என்று ஒரு முறை உண்டு. அதாவது, தொங்கவிடுவது. சாதாரண வண்டியில் சக்கரம் மேலும் போகும், கீழும் போகும். ட்ரூப் முறையில் வண்டி முதலிலேயே முழுதும் அமர்ந்துவிடும். மேலே போக இடமில்லை. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே தொங்கித் தரையைத் தொடும். அமுங்க மிச்சம் இல்லாததால் உடல் சாய்வதில்லை. பாரமும் தரைக்கு அருகிலேயே நிற்கிறது.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வீட்டில் இப்படி வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும். நான்கு அப்சார்பரையும் கழற்றி எண்ணெயை வடித்தோம். வெளியே சுற்றியிருந்த ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டோம். உள்ளே, பிஸ்டனுக்குக் கீழே தண்டில் ஒரு சிறு ஸ்பிரிங் கோத்தோம். அது பிஸ்டனை மேலே தள்ளித் தண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், வண்டி தாழும். முதலில் போட்டது பலமாக இருந்ததால், பள்ளத்தில் இறங்க வேண்டிய சக்கரம் அந்தரத்தில் நின்றது. சக்கரமும் அச்சும் தம் சொந்தப் பாரத்தாலேயே இறங்கும்படி ஸ்பிரிங் மெலிதாக இருக்க வேண்டும். கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்! அளவாக வெட்டிப் போட்டோம்.

எண்ணெய் ஊற்றித் தண்டை மெல்ல ஏற்றி இறக்கினால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். மூடியைப் போடும்போது தண்டு முழுதும் உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டியபடி மூடினால், தண்டு உள்ளே நுழைய எண்ணெய் இடம் விடாது. திரும்ப வெளியே தள்ளும். இரும்பும் இரும்பும் மோதாதிருக்கத் தண்டில் ஒரு ரப்பர் துண்டைச் செருகினோம். வண்டி முழுதும் அமர்ந்த நிலையில், ஸ்டியரிங்கைக் கோடி வரை திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்தோம். சக்கரம் முழுதும் தொங்கும்போது சுழல்தண்டு இறுகுகிறதா, கழன்று வருகிறதா என்றும் பார்த்தோம். பேட்டரியை முன்பக்கம் தாழ வைத்தோம். கூரைமேல் இருந்த அலங்காரப் பெட்டிகளைக் கழற்றச் சொன்னபோதுதான் பையனின் முகம் சுருங்கியது. ஆனாலும் கழற்றினான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது மெதுவாக ஊர்கிற வண்டிக்கு மட்டுமே பொருந்தும். வேகமாக ஓடித் தாவும் வண்டிக்கு இப்படிச் செய்தால் அடியெல்லாம் நேரே உடலில் விழுந்து நொறுங்கிப்போகும்.

செய்தது பலித்ததா என்று அறிய ஒரு பலகை எடுத்தோம். டயர் வழுக்காதிருக்க ஓரத்தில் சட்டம் அடித்து, பாகைமானியில் நூலும் ஆணியும் தொங்கவிட்டோம். பழைய ஸ்பிரிங்கோடு 36 பாகையில் கவிழ்ந்த வண்டி, ட்ரூப் முறையில் 43 பாகை வரை நின்றது. பையன் துள்ளிக் குதித்தான்.

எனக்கோ வேறொன்று மனதில் உறுத்தியது. சாப்பாட்டு டப்பா ஒன்றில் பாதித் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, வண்டியின் கூரையில் கட்டினேன். 39 பாகை வரை நின்றது. பனிக்கட்டி உருகிய பிறகு அதே டப்பா, அதே எடை. 37 பாகையிலேயே கவிழ்ந்தது. பிறகு பலகையை 33 பாகையில் வைத்து, மேடு பள்ளத்தில் போவதுபோல் லேசாக உலுக்கினேன். உறைந்த தண்ணீரோடு அசையாமல் நின்ற வண்டி, உருகிய தண்ணீரோடு சட்டென்று புரண்டது.

என் கை நடுங்கிவிட்டது, அன்பர்களே. பாதி நிறைந்த தொட்டி! பால் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து ஓடும். ஓடிய பாரம் வண்டியை மேலும் சாய்க்கும். மேட்டுப் பக்கத்து ஸ்பிரிங் செய்த அதே துரோகம். இதற்கு வேகம் வேண்டியதில்லை. குடியும் வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். பேரன் தாத்தாவின் முன்னால் எல்லாவற்றையும் செய்து காட்டினான். உறைந்தது நின்றது, உருகியது விழுந்தது. அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு தடவை செய் ஐயா" என்றார். மூன்றாம் முறை பார்த்துவிட்டு, "இப்படித்தான் இழுத்தது தம்பி. யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி" என்றார். "அண்ணே, நான் உங்களை நம்பியிருக்க வேண்டும்" என்றேன். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கலக்க உள்ளே போனார்.

இன்றும் நம்மவர் பலர் செம்பனைத் தோட்டங்களில் டிராக்டரோடு பாடுபடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதினேன். பெரும்பாலான டிராக்டர்களின் முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுவது. குண்டு குழியில் சக்கரம் தரையை விடாதிருக்க அது உதவும். ஆனால் கவிழத் தொடங்கினால் அந்தப் பக்கம் தாங்காது. சரிவின் குறுக்கே போவதைக் கூடியவரை தவிருங்கள். மருந்துத் தண்ணீரோ வேறெதுவோ தொட்டியில் கொண்டு போனால் உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். பாரத்தைத் தாழ ஏற்றுங்கள். மட்கார்டில் யாரையும் உட்கார விடாதீர்கள். கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காமல் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய டிராக்டர்களுக்கு ஸ்வீடன் நாடு 1959இலேயே கட்டாயமாக்கியது. அந்தச் சட்டம் இருந்தால் இருக்கை வாரையும் மாட்டிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வீட்டிலும் செய்யாத பிழையைச் சுமந்துகொண்டு வாய் மூடி இருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கலாம். அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை மறுபடி நினைத்துப் பாருங்கள். நான் ஐம்பது ஆண்டு தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.