அஸ்தமிக்காத நட்சத்திரங்கள்



யோபு 9:9-ஐ முப்பது ஆண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் வாசித்து வந்தவன் நான். அதில் வரும் ‘துருவச்சக்கர நட்சத்திரங்கள்’ எவை என்று டில்லியில் எங்கள் ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி கேட்டாள். “பாஸ்டர் ஐயா, காட்டுங்கள்” என்று மொட்டை மாடிக்கும் அழைத்தாள். விளக்கொளியிலும் புகையிலும் எதைத் தேடுவது என்று அறியாமல் வெட்கத்தோடு இறங்கி வந்தேன்.

அந்த வெட்கமே கடந்த செப்டம்பர் இறுதியில் என்னை லடாக்கிலுள்ள ஹான்லேவுக்குக் கொண்டு சென்றது. லே பட்டணத்திலிருந்து சிந்து நதியோரமாய்ச் சென்று, பின்பு தெற்கே திரும்ப வேண்டும். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் பிரயாணம். நம் காவலூரில் வானாய்வுக்கூடம் நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம், இங்கே 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நிறுவியிருக்கிறது. 2022-ல் இப்பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெளிச்சம் வெளியே கசியாதபடி கிராமத்தார் ஜன்னல்களுக்குக் கனத்த திரையிடுகிறார்கள்.

இரவு எட்டு மணிக்கு வடக்கு நோக்கி நின்றோம். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே அவ்வூரின் அட்சரேகை. கன்னியாகுமரியில் 8, சென்னையில் 13, ஹான்லேவில் 33. துருவத்தைச் சுற்றி அத்தனை பாகைக்குள் இருப்பவை அடிவானத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே நம் ஊரில் சிறிதாயிருக்கும் அஸ்தமிக்காத வட்டம், வடக்கே செல்லச் செல்ல விரிகிறது.

சப்தரிஷி மண்டலம் வடமேற்கில் தாழ்ந்திருந்தது. வடகிழக்கில் காசியோப்பியாவின் ஐந்து நட்சத்திரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே பஞ்சுபோல் தெரிந்த திட்டு, பைனாகுலரில் இரண்டு நட்சத்திரக் கூட்டங்களாய்ப் பிரிந்தது. அவற்றின் தூரம் சுமார் 7,500 ஒளியாண்டுகள்.

அதிகாலை நான்கரை மணிக்கு, நடுங்கும் குளிரில், மறுபடியும் வெளியே வந்தேன். காசியோப்பியா வடமேற்குக்குச் சென்றிருந்தது. சப்தரிஷி மண்டலம் வடகிழக்கில் வால் ஊன்றி எழுந்தது. துருவ நட்சத்திரமோ அதே இடத்தில் நின்றது. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண் ஒருவர் தம் தொலைநோக்கியில் எம் 81, எம் 82 என்னும் அண்டங்களைக் காட்டினார். ஒன்று மங்கிய முட்டை வடிவம், மற்றது மெல்லிய கதிர். 1774-ல் யோஹான் போடே என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தவை இவை. ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வந்த ஒளி என் கண்ணில் பட்டது. நெடுநேரம் நான் பேசவில்லை.

பிரியமானவர்களே, ஊரைவிட்டு வடக்கே வந்துவிட்டோமே என்று நாம் அநேகந்தரம் ஏங்குகிறோம். வடக்கே வந்தவர்களுக்கே அஸ்தமிக்காத நட்சத்திரங்கள் அதிகம் என்பதையும் சற்று நினைத்துப் பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. டில்லியில் வடக்கு அடிவானத்திலிருந்து ஏறக்குறைய மூன்று முஷ்டி, மும்பையில் இரண்டு. அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும்.

திரும்பி வந்தபின், மழை கழுவிய ஓர் இரவில் அந்தச் சிறுமியை மாடிக்கு அழைத்தேன். அவள் முஷ்டி சிறியது; கையும் சிறியதுதான். மூன்று எண்ணினாள். “அதோ!” என்றாள். இம்முறை எனக்கும் தெரிந்தது.