விசில் அடித்தாரா, இல்லையா?

கால்பந்து ரசிகனிடம் போய், "நேத்து மேட்ச்சில் ரெஃபரி எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் பதிலை வைத்தே அவன் டீம் ஜெயித்ததா தோற்றதா என்று சொல்லிவிடலாம். ஸ்கோர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இந்தச் சோதனையைச் செய்வது ரொம்ப சுலபம். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள். அதனால் ஒரே வகுப்பில் சென்னையின் எஃப்.சி. ஆளும் இருப்பான், பெங்களூரு எஃப்.சி. ஆளும் இருப்பான். போதாக்குறைக்கு எல்லா ஊரிலும் இருப்பது போல மஞ்சள் பனியன் போட்ட கேரளா பிளாஸ்டர்ஸ் ஆள் ஒருத்தன் கட்டாயம் இருப்பான். இவர்களை ஒரே டீக்கடையில் உட்கார வைத்து ஒரே ஒரு தேதியைச் சொன்னால் போதும். டீ ஆறிவிடும்.

அந்தத் தேதி 2023 மார்ச் 3.

அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டம். லீகில் நான்காம் இடம் பிடித்த பெங்களூருக்கும் ஐந்தாம் இடம் பிடித்த கேரளாவுக்கும் மோதல். பெங்களூரு அந்த சீசனை மோசமாகத் தொடங்கி, பிறகு கடைசி எட்டு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து மேலே வந்த அணி. அன்று தொண்ணூறு நிமிஷமும் ஓடி முடிந்தும் கோல் இல்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது.

96வது நிமிஷத்தில் பெனால்டி ஏரியாவுக்கு வெளியே பெங்களூருக்கு ஒரு ஃப்ரீகிக். கேரளா வீரர்கள் தடுப்புச் சுவருக்கு ஆள் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். கோல்கீப்பர் இன்னும் தன் இடத்துக்கு வரவில்லை. அந்த நொடியில் சுனில் சேத்ரி பந்தைத் தட்டிவிட்டார். காலியாகக் கிடந்த வலைக்குள் பந்து விழுந்தது. நடுவர் கோல் என்றார்.

அப்புறம் நடந்தது இந்தியக் கால்பந்தில் ரொம்ப அபூர்வம். விசில் அடிக்காமல் எப்படி அடிக்கலாம் என்று கேரளா வீரர்கள் நடுவரைச் சூழ்ந்தார்கள். கோச் இவான் வுகோமனோவிச் மைதானத்துக்குள் வந்து தன் வீரர்களை மொத்தமாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு பெங்களூரு வென்றதாக அறிவித்தார்கள்.

சரி, விதி என்ன சொல்கிறது? ஃப்ரீகிக்கை உடனே அடிக்க அடிப்பவருக்கு உரிமை உண்டு. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அடிப்பவருக்காகப் போட்ட விதி. அது வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் பாடு. ஆனால் நடுவர் "இரு, விசில் அடித்த பிறகு அடி" என்று காட்டிவிட்டால் காத்திருந்தே ஆக வேண்டும். சண்டையே இந்த இடத்தில்தான். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொல்லிவிட்டேன், பக்கத்தில் நின்ற லூனாவும் அதைக் கேட்டார் என்பது ஆட்டத்துக்குப் பிறகு சேத்ரி சொன்னது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தார் என்பது கேரளா தரப்பு.

இது புதுசும் இல்லை. 2004 டிசம்பரில் செல்சீக்கு எதிராக ஆர்சனலின் தியரி ஹென்றி இதே மாதிரிதான் அடித்தார். செல்சீ கீப்பர் போஸ்டருகே நின்று சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பந்து உள்ளே போய்விட்டது. அந்த கோலும் செல்லும் என்றார்கள். செல்சீக்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் மைதானத்தை விட்டுப் போகவில்லை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

கேரளா இழந்தது இதைத்தான். கோல் விழுந்தபோது இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆட்டம் பாக்கி இருந்தது. ஒரு கோல் அடித்தால் பெனால்டி ஷூட் அவுட். அந்த வாய்ப்பை நடுவர் பறிக்கவில்லை. இவர்களே வைத்துவிட்டுப் போனார்கள். ஆட்டத்தைத் திரும்ப நடத்தக் கேட்ட மனுவை அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு தள்ளுபடி செய்தது. அந்த மாசக் கடைசியில் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 5 லட்சம் அபராதம், பத்து ஆட்டங்களுக்குத் தடை.

ஆனால் கேரளா ரசிகர்களுக்கு அவர் ஹீரோ. கொச்சி விமான நிலையத்தில் ஜெயித்து வந்த அணியைப் போல வரவேற்றார்கள். "எங்களுக்காக எழுந்து நின்ற மனுஷன்" என்றார்கள். பெங்களூரு ரசிகர்களோ, "ரெஃபரி சொன்னதே முடிவு. விதி தெரியாதவன் ஏன் விளையாட வருகிறான்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரையிறுதியில் மும்பையை ஷூட் அவுட்டில் 9-8 என்று ஜெயித்து பெங்களூரு ஃபைனலுக்குப் போனது. மார்ச் 18, கோவா ஃபடோர்டா ஸ்டேடியம், எதிரே ஏ.டி.கே. மோகன் பகான். பெங்களூரு 2-1 என்று முன்னணியில் இருக்க, 85வது நிமிஷத்தில் மோகன் பகானுக்கு ஒரு பெனால்டி. ஃபவுல் பெனால்டி ஏரியாவுக்கு வெளியே நடந்தது என்பது பெங்களூரு தரப்பின் வாதம். பெட்ராடோஸ் அதை கோலாக்கினார். ஷூட் அவுட்டில் மோகன் பகான் 4-3 என்று வென்றது.

இப்போது "ரெஃபரி சொன்னதே முடிவு" என்ற ஆளைக் காணோம்! பெங்களூரு கிளப்பின் உரிமையாளர் பார்த் ஜிண்டாலே, இந்தியாவுக்கு வி.ஏ.ஆர். வேண்டும் என்று ட்விட்டரில் கோபமாக எழுதினார். மஞ்சள் பனியன்காரர்கள் அன்றைக்குப் பட்ட சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. அதே பையன்கள், அதே டீக்கடை, வசனம் மட்டும் இடம் மாறிவிட்டது.

"மச்சி, அன்னைக்கு நீதானே விதி விதின்னு சொன்னே?"

"டேய், அது வேற, இது வேற."

அது வேற, இது வேற. எல்லா ஊர் ரசிகனுக்கும் பொதுவான மந்திரம் இதுதான்.

தோல் வியாபாரம் நடக்கிற ஊரில் இந்த மந்திரம் புதுசில்லை. பதனிட்ட தோலின் பரப்பை மெஷின் சதுர அடிக் கணக்கில் அளந்துவிடுகிறது. அங்கே வாக்குவாதம் கம்மி. ஆனால் இது முதல் தரமா இரண்டாம் தரமா என்று பிரிப்பது மனுஷனின் கண்ணும் கையும்தான். முள் கீறலா, உண்ணி கடித்த தழும்பா, உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். முதல் தரத்தை இரண்டாவது என்று ஒதுக்கினால் விற்பவர் சும்மா இருக்க மாட்டார். இரண்டாம் தரத்தை முதல் தரம் என்று எடுத்து வைத்தால்? வாயே திறக்க மாட்டார். அதை வாங்குபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கால்பந்திலும் இந்த இரண்டு வகை உண்டு. பந்து கோட்டைத் தாண்டியதா என்பது அளவு. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தும் கோல் தரவில்லை. அடுத்த உலகக் கோப்பையிலேயே அதற்குக் கருவி வந்துவிட்டது. 2018-இல் வி.ஏ.ஆரும் வந்தது. ஆனால் நடுவர் "இரு" என்றாரா, கை வேண்டுமென்றே பட்டதா என்பதெல்லாம் தரம் பிரிப்பது மாதிரி. கேமரா பத்துக் கோணத்தில் காட்டினாலும் கடைசியில் ஒரு மனுஷன்தான் சொல்ல வேண்டும். வி.ஏ.ஆர். இருக்கும் இங்கிலாந்து லீகில் சண்டை ஓய்ந்தா போய்விட்டது?

எல்லோரும் ஒரே பக்கம் நின்ற ஒரு நாளும் உண்டு. 2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் கத்தாருக்கு எதிராக சாங்தே அடித்த கோலால் இந்தியா 1-0 என்று முன்னணி. 73வது நிமிஷத்தில் பந்து கோல் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. கத்தார் வீரர் அதை உள்ளே இழுக்க, அய்மன் கோலாக்கினார். கொடுத்தார்கள்! அந்த ஆட்டத்துக்கு வி.ஏ.ஆர். கிடையாது. இந்தியா 2-1 என்று தோற்று வெளியேறியது. சம்மேளனம் புகார் கொடுத்தும் முடிவு மாறவில்லை. அன்றைக்கு மஞ்சளும் நீலமும் சேர்ந்து திட்டின. ஆனால் இந்திய வீரர்கள் மைதானத்தை விட்டுப் போகவில்லை. கடைசி விசில் வரை ஓடினார்கள்.

யோசித்துப் பாருங்கள். கத்தாரில் அந்தப் பந்து இந்தியாவுக்குச் சாதகமாக வெளியே போயிருந்தால்? இங்கே எத்தனை பேர் "அது கோல் இல்லை, திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள்?

பி.காம். முதல் வருஷத்தில் முதல் பாடமே இரட்டைப் பதிவு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு எழுத வேண்டும். ரசிகன் வைப்பதோ ஒற்றைப் பதிவுக் கணக்கு. நடுவரிடம் பறிகொடுத்தது எல்லாம் தேதி, நிமிஷத்தோடு இருக்கும். வாங்கிக்கொண்டது ஒன்றுகூட இருக்காது. அந்தக் கணக்கில் ரெஃபரி எப்போதும் கடன்காரன்தான்.

இதில் ஜெயித்தவனுக்கும் நஷ்டம் இருக்கிறது. எட்டு ஆட்டம் வரிசையாக ஜெயித்து, தொண்ணூறு நிமிஷம் மூச்சு வாங்க ஓடி, பெங்களூரு அன்று உள்ளே போனது. அதை இன்று யார் பேசுகிறார்கள்? விசில் அடித்தாரா இல்லையா என்பதுதான் மிச்சம். நம் டீமுக்கு ஒரு சந்தேகமான முடிவு சாதகமாக வந்தபோது, "ஆமாம்பா, அது கொஞ்சம் சந்தேகம்தான்" என்று ஒத்துக்கொள்கிற ரசிகன்தான், அடுத்த முறை தன் டீமுக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லும்போது எதிரே இருப்பவனும் காது கொடுத்துக் கேட்பான்.

அப்படிப்பட்ட ஒருத்தன் உங்கள் டீக்கடையில் இருக்கிறானா? இருந்தால் அவனுக்கு டீ வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.