வரமாட்டேன் என்று சொன்ன மறுநாள்

காலேஜ் திறக்கும் மாதம் வந்தால் போதும், எங்கள் போளூர் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் ஒரு காட்சியைக் காணலாம். புதுப் பெட்டி ஒன்று, வாளி ஒன்று, முறுக்கு டின் ஒன்று. இவற்றுக்கு நடுவே கண் சிவந்து நிற்கும் ஒரு பெண். பக்கத்தில் அவளுடைய தாயார், பஸ் புறப்படும் வரையில் புத்திமதி சொல்லிக் கொண்டே இருப்பாள்.

நேயர்களே, உங்களில் எத்தனையோ பேர் அந்தத் தாயாராக நின்றிருப்பீர்கள்; அல்லது இனிமேல் நிற்கப் போகிறீர்கள். அந்தப் புத்திமதிகளுக்கு இடையே, குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

2008-ம் வருஷம் நான் சென்னைக்குப் படிக்கப் புறப்பட்டபோது என் அம்மாவும் அதைச் சொன்னாள். "கண்ணு, அங்கே ஜெபக் கூட்டம், அது இதுன்னு கூப்பிடுவாங்க. போயிடாதே. நைசாப் பேசி வேதத்திலே சேர்த்துடுவாங்க." என் அப்பா பட்டு நெய்பவர். சம்பத்கிரி மலை நரசிம்மரைக் கும்பிடாமல் தறியில் உட்கார மாட்டார். அப்படிப்பட்ட வீட்டில் அம்மாவுக்கு இந்தப் பயம் வந்ததில் வியப்பில்லை.

கூப்பிடத்தான் செய்தார்கள். ஹாஸ்டலில் நுழைந்த அன்றே மூன்றாம் வருஷத்து அக்கா ஒருத்தி எங்கள் அறைக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மாணவிகளின் கிறிஸ்தவக் குழு ஒன்றைச் சேர்ந்தவள். கையில் வேதப் புத்தகம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்ததோ ஒரு பூட்டும் சாவியும்! "அலமாரிக்குப் பூட்டு கொண்டு வந்தியா? இல்லேன்னா இதை வச்சுக்கோ" என்றாள். காலையில் எந்தக் குழாயில் முதலில் தண்ணீர் வரும், மெஸ்ஸில் எத்தனை மணிக்குப் போனால் சாம்பார் அகப்படும், வார்டனிடம் எந்த நேரத்தில் லீவு கேட்கலாம், எல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

என் அறையில் இன்னொரு பெண். ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமம். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதன் முதலாக மிதித்தவள். இங்கிலீஷில் நடத்திய பாடம் ஒன்றும் விளங்காமல், மூன்றாம் நாள் ராத்திரி பெட்டியைக் கட்டி விட்டாள். "நான் ஊருக்கே போறேன்" என்று ஒரே அழுகை. அந்த அக்கா வராந்தாவில் அவளோடு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். உபதேசம் எதுவும் செய்யவில்லை. தன் பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்து, முதல் பாடத்தைத் தமிழில் விளக்கினாள். மறுநாளும் விளக்கினாள், அதற்கு அடுத்த நாளும். கட்டிய பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் அழைப்பு வந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப் பெண்களுக்கு வரவேற்பு வச்சிருக்கோம். பாட்டு, ஜெபம், விளையாட்டு, அப்புறம் டீ. வர்றியா?"

அம்மாவின் குரல் காதில் ஒலித்தது. "இல்லேக்கா, நான் வரலை. வீட்டிலே பிடிக்காது" என்றேன்.

"சரி, அதனாலென்ன?" என்றாள்.

இனிக்க இனிக்கப் பேசும் வரையில் எல்லா வரவேற்பும் ஒன்று போலத்தான் இருக்கும். வரமாட்டேன் என்று சொன்ன மறுநாள்தான் வித்தியாசம் தெரியும். மறுநாள் காலை குழாயடியில் என் வாளிக்கும் அவள் இடம் போட்டு வைத்திருந்தாள். என் அறைப் பெண்ணும் கூட்டத்துக்குப் போகவில்லை. ஆனால் அவளுக்குக் கணக்குப் பாடம் ஒரு நாளும் நிற்கவில்லை. லீவில் ஊருக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது முறுக்கு டின் இரண்டாயிற்று. "ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு" என்றாள்.

வேறு விதமும் பார்த்தேன். இன்னொரு கூட்டத்தார் (எந்தக் கூட்டம் என்பது இங்கே வேண்டாம்) முதல் நாளே கேக் கொடுத்து, பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக் கொண்டார்கள். வர இயலாது என்று சொன்னேனோ இல்லையோ, எதிரே வந்தால் முகங்கள் சுவர்ப் பக்கம் திரும்பின. அவர்கள் தேடியது என்னை அல்ல, எண்ணிக்கையை!

பத்திரிகை உத்தியோகத்துக்கு வந்த பிறகு, இந்த வரவேற்பு வழக்கம் எங்கே தொடங்கிற்று என்று தேடிப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஒய்.எம்.சி.ஏ. மாணவர்கள் ரெயிலடிக்கே போய்ப் புது மாணவர்களை எதிர்கொண்டார்கள். தங்க அறை தேடித் தந்தார்கள். கல்லூரி விவரங்கள் அடங்கிய கைப்புத்தகமும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1895-ல் ஸ்வீடனில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் பிறந்தது. 1912-ல் இந்தியாவிலும் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் தோன்றியது. 1915-ல் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும், 1918-ல் எங்கள் ஊருக்கு அருகே வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடரின் பெண்கள் மருத்துவப் பள்ளியும் திறந்தன. பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்புவதே அதிசயமாக இருந்த காலம் அது. புதிதாக வந்தவளுக்கு ஓர் அக்காவின் துணை எத்தனை பெரிதாக இருந்திருக்கும்!

நம் சேலத்தில் 1876-ல் பிறந்த கே. டி. பால் அவர்களையும் சொல்ல வேண்டும். இந்திய ஒய்.எம்.சி.ஏ.யின் பொதுச் செயலாளரான முதல் இந்தியர் அவர்தான். நிறத்தைப் பார்த்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய லண்டன் நகரில், 1920-ல் இந்திய மாணவர்களுக்கென்று ஒரு விடுதி ஏற்பட முன்னின்று உழைத்தார். கிறிஸ்தவர்கள் நடத்திய விடுதிதான். ஆனால் எந்த மதத்து மாணவருக்கும் அங்கே இடம் இருந்தது.

இந்தக் குழுக்களுக்குத் தங்கள் சமயத்தை எடுத்துச் சொல்லும் நோக்கமும் உண்டு. அதை மறைப்பதற்கில்லை. ஆகையால் தாயாரின் கவலையை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் "போகாதே" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக் கொண்டால், பெண் கூட்டத்தை மட்டுமல்ல, பூட்டு கொண்டு வருகிற அக்காவையும் சேர்த்தே ஒதுக்கி விடுவாள்.

கிறிஸ்தவத் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சின்ன ஊர்ச் சபையில் பாடிப் பழகிய உங்கள் பெண்ணுக்குப் பட்டணத்தில் அந்தக் குழு பிறந்த வீடு மாதிரி. அடுத்த வருஷம் அவளே புதுப் பெண்களை வரவேற்கப் போகிறவள். பாட்டுப் புத்தகத்துக்கு முன்னால் வாளியைத் தூக்கச் சொல்லுங்கள்.

பழைய பாவு தீரும் சமயம் புதுப் பாவை ஒவ்வோர் இழையாகப் பிணைக்க வேண்டும். "அவசரப்பட்டு இழுத்தா அறுந்துடும்" என்பார் அப்பா. வீட்டை விட்டு வந்த பெண்ணும் அப்படித்தான்.

என் அறைப் பெண் இன்று ஓர் அரசாங்கப் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் குங்குமம் இட்டுக் கொள்கிறவள், கிறிஸ்துமஸ் அன்று அந்த அக்காவுக்குப் போன் செய்யத் தவறுவதில்லை.

ஆகவே உங்கள் பெண்ணிடம் இப்படிச் சொல்லி அனுப்புங்கள்: "யார் கூப்பிட்டாலும் போறதும் போகாததும் உன் இஷ்டம். எங்கே போனாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. பிடிக்கலைன்னா தைரியமா வரலைன்னு சொல்லு. மறுநாளும் உன்கிட்டே வந்து சாப்பிட்டியான்னு கேக்கிறாளே, அவளை மட்டும் விட்டுடாதே."