அண்ணனும் அஞ்சே முக்கால் லட்சத்துப் பியட்டும்

செம்பரம்பாக்கம்,
பங்குனி மாசம், ஞாயித்துக்கிழமை மத்தியானம்

அன்பு ராசாத்திக்கு,

உன் வீட்டுக்காரர், அதான் எங்க அண்ணன், பழைய பியட் வாங்கியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாராமே! அதுவும் எங்க ஊர்ப்பக்கம் விலைக்கு வந்திருக்கிற அந்த க்ரீம் கலர் வண்டி! போன்ல பேசினா பக்கத்துலயே நின்னு கேப்பார்னு நீ சொன்னதால கடுதாசியா எழுதுறேன். படிச்சு முடிச்சதும் பீரோவுல புடவைக்கு அடியில செருகிடு.

வண்டியையும் தெரியும், விக்கிறவரையும் தெரியும். மனை புரோக்கரா இருந்தவர். மனை போணியாகலைன்னதும் பழைய கார்ல இறங்கிட்டார். அஞ்சே முக்கால் லட்சம் சொல்றார். அவர் வாங்கினது அறுபதாயிரத்துக்குன்னு அவரோட மச்சினியே பால் பூத்துல வெச்சு என்கிட்ட சொன்னா. அவளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால ஒரு பத்தாயிரம் குறைச்சே சொல்லியிருப்பா. நாம எழுபதுன்னு வெச்சுக்குவோம்.

"1984 மாடல், விண்டேஜ்"ங்கிறார். அதுல இருந்தே ஆரம்பிக்கலாம். மத்திய அரசு 2021 ஜூலையில விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி போட்டுச்சு. முதல் பதிவுலேர்ந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்கணும், பாடியையோ சேஸிஸையோ எஞ்சினையோ மாத்தியிருக்கக் கூடாது. அப்படி இருந்தா 20,000 ரூபா கட்டி 'வி.ஏ.'ன்னு எழுத்து வர்ற நம்பர் வாங்கலாம், பத்து வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, ஊர்வலம்னு போகலாமே தவிர தினமும் காய்கறிக் கடைக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. 84 மாடலுக்கு அந்த எழுத்தே கிடையாது. அது வெறும் பழைய கார். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பூந்தமல்லி ஆர்.டி.ஓ. வாசல்ல எஃப்.சி.க்கு நிக்கணும், பசுமை வரி கட்டணும். 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தையும் 2025-ல பத்தாயிரமா ஏத்திட்டாங்க.

அண்ணனுக்கு இந்த ஆசை எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 'பண்ணையாரும் பத்மினியும்' படம். அது 2014-ல வந்தப்போலேர்ந்தே ஆரம்பிச்சுட்டார்னு நீதானே சொன்னே? ஒண்ணு ஞாபகப்படுத்து அவருக்கு: அந்தப் படத்துல பண்ணையார் காசு குடுத்து வாங்கலை. ஒருத்தர் விட்டுட்டுப் போன வண்டி அது!

நம்ம அப்பாக்கள் காலத்துலயும் பியட்டுக்கு அநியாய விலைதான். புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். விலையை அரசாங்கமே நிர்ணயிச்சுது. அதை எதிர்த்து பியட்டைச் செஞ்ச பிரீமியர் கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1971-ல தீர்ப்பு வந்துச்சு. டெலிவரி எடுத்த கையோட வித்தா போட்ட காசுக்கு மேலயே கிடைக்கும். கிழக்கு ஜெர்மனியில டிராபான்ட்னு ஒரு குட்டிக் காருக்கும் இதே கதி, புதுசை விடப் பழசு விலை அதிகம். இலங்கையில 2020-ல வண்டி இறக்குமதியை நிறுத்தினாங்களே, அப்போ அங்கே பழைய சின்ன வண்டிக்கெல்லாம் வந்த மவுசை உன் கொழும்பு நாத்தனாரே சொல்லுவா. அந்த விலையெல்லாம் வரிசையில நிக்காம இருக்கிறதுக்குக் குடுத்த விலை. இன்னைக்கு எந்த வரிசை? எங்க வீட்டுலேர்ந்து பெங்களூர் ரோட்டுல கொஞ்ச தூரம் போனா இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய்க்காரன் 1998-ல சாண்ட்ரோ விட்டதுலேர்ந்து ராத்திரி பகலா லாரி லாரியா கார் ஏத்தி அனுப்புறான். பத்மினிங்கிற இந்த பியட்டும் ஒண்ணும் அபூர்வம் இல்லை. குர்லாவுல 2000 வாக்கு வரைக்கும் செஞ்சாங்க, பம்பாயில டாக்ஸியாவே 2023 அக்டோபர் வரைக்கும் ஓடுச்சு.

அப்போ எது அபூர்வம்னு கேட்டா, கை. தகரத்தை அடிச்சு வளைக்கத் தெரிஞ்ச டிங்கர் கை.

எங்க வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்ல பிரஸ் ஷாப்புல இருந்தவர்ங்கிறதால இந்தப் பக்கத்து டிங்கருங்க எல்லாம் இவருக்குப் பழக்கம். ஆவடியில ஒரு பெரியவர் இருக்கார். அவர் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து சொன்னதைத்தான் உனக்கு எழுதுறேன். பியட்டுக்குத் தனியா சேஸிஸ் கிடையாதாம். பாடியேதான் சேஸிஸ். கால் வைக்கிற தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடுற அடித்தகடும் சேர்ந்துதான் மொத்த வண்டியையும் தாங்குது. அதுல துரு ஏறிடுச்சுன்னா வண்டிக்கு முதுகெலும்பே போச்சு. அதை ஒழுங்கா சரி பண்ணணும்னா பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, துருப்பிடிச்சதை வெட்டிப் போட்டு, புதுத் தகடு வளைச்சு, கேஸ் வெல்டிங் வெச்சு, கதவு சரியா மூடுதான்னு பார்த்துப் பார்த்துச் செய்யணும். புதுசா பாகம் வராது. புதுப்பேட்டையில அலைஞ்சா கிடைக்கிறதும் பாதி துருதான்.

ஒரு டிங்கர், ஒரு கையாள், நாலு மாசம்னு கணக்குப் போட்டார். அவருக்கு நாளைக்கு 1,500, கையாளுக்கு 900. மாசம் 25 நாள். கூலி மட்டுமே 2,40,000 ஆச்சா? அப்புறம் பெயிண்ட், எஞ்சினுக்கு ரீபோர், பம்பருக்கு க்ரோம், சீட்டு, ரப்பர் பீடிங். வண்டியோட விலையையும் சேர்த்தா அஞ்சு லட்சத்தைத் தொட்டுடும். அதனால நான் உன் கட்சியும் இல்லை, தெரிஞ்சுக்கோ. "ஓட்டை வண்டிக்கு அஞ்சு லட்சமா"ன்னு நீ கத்துறே பாரு, அது தப்பு. அத்தனை வேலையும் நடந்திருந்தா அஞ்சே முக்கால் நியாயமான விலை. விக்கிறவனுக்கு அதுல பெரிசா லாபமே நிக்காது.

வேலை நடந்துச்சாங்கிறதுதான் கேள்வி. அந்த வண்டி பொங்கல் கழிச்சு லாரியில வந்து இறங்கினதை நானே பார்த்தேன். முன்பக்க மட்கார்டு ஓட்டை விழுந்து, அதுக்குள்ள கோழி பூந்து வந்துச்சு. மாசி மகத்தன்னைக்கு மாலை போட்டு பளபளன்னு நிக்குது! நாலு மாச வேலை அதுக்குள்ள எப்படி முடியும்? அம்மைத் தழும்புக்கு மேல பவுடர் அப்பின மாதிரி பட்டி போட்டு, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் சும்மா பார்க்கப் போற மாதிரி போய், பிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தைத் துணியில சுத்தி மெதுவா வெச்சுப் பார்த்திருக்கார். கூரையில ஒட்டுச்சாம், பானட்ல ஒட்டுச்சாம், கதவுக்குக் கீழே வெச்சா பொத்துனு விழுந்துடுச்சாம். புரோக்கர் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

தண்ணி விஷயம் வேற இருக்கு. எங்க ஊர் ஏரிக்கே கெட்ட பேர் வாங்கிக் குடுத்த 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கா? ஒண்ணாம் தேதி ராத்திரி விநாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டு அடையாறு ஓரமெல்லாம் முழுகிப் போச்சே. அப்போ முழுகின காரெல்லாம் எங்கே போச்சுன்னு நினைக்கிறே? இன்சூரன்ஸ்காரங்க ஏலம் விட்டாங்க. ஏலத்துக்கே வராம ஷெட்டுல நின்னதும் நிறைய. சேறு உள்ளே பூந்த தகரம் வெளியில காட்டாது, உள்ளேர்ந்து அரிக்கும். இந்த வண்டி அப்போ எங்கே இருந்துச்சுன்னு புரோக்கர்கிட்ட கேட்டதுக்கு "பார்ட்டி சேலம் பக்கம்"னு மழுப்பினாராம். ஆர்.சி.யில இருக்கிற விலாசம் அடையாறு ஓரத்து ஜாபர்கான்பேட்டை. நீயே முடிவு பண்ணிக்கோ.

இன்னொரு ஆசையும் அண்ணனுக்குக் காட்டியிருக்காராமே? "பக்கத்துலயே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டே காசை எடுத்துடலாம்"னு. சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ணின வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடக் கூடாதுன்னு அண்ணனுக்குத் தெரியாதா? அதோட, கேமராவுக்குப் பெயிண்ட் மட்டும்தானே தெரியும். பட்டி வண்டியே போதும்னு சினிமாக்காரங்க அதைத்தான் சல்லிசா எடுப்பாங்க. அஞ்சே முக்கால் லட்சத்து வண்டிக்குக் கூடுதலா ஒரு ரூபா குடுப்பாங்களா?

"நாளைக்கு விலை ஏறும்"னும் சொல்வார். ஏறுற வண்டிக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கணும். எம்.ஜி.ஆர். அம்பாசடர் டி.எம்.எக்ஸ். 4777, தி.நகர்ல அவர் நினைவு இல்லத்துல நிக்குதே, அதுக்கு விலை யார் போட முடியும்? மாருதி 800-ஐ எடுத்துக்கோ. 27 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளின வண்டி. ஆனா 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி கையால சாவி வாங்கின ஹர்பால் சிங்கோட வண்டி ஒண்ணே ஒண்ணுதான். அப்போ விலை 47,500 ரூபா. அவர் போனதுக்கப்புறம் டெல்லியில வீட்டு வாசல்ல வெயில்லயும் மழையிலயும் கிடந்து துருப்பிடிச்ச அதையே கம்பெனி சரிபண்ணி தன்னோட தலைமை அலுவலகத்துல நிறுத்தி வெச்சிருக்கு. புரோக்கர் வண்டிக்குப் பின்னாடி யாரு? கோழிதான்.

சரி, அண்ணனை ஒரேயடியா முறைச்சுக்காதே. ரிட்டயர் ஆன மனுஷன், சும்மா இருந்தா உன்கிட்ட சாம்பார்ல உப்பு சரியில்லைம்பார். பூந்தமல்லியில ஒரு டாக்டர் வீட்டுல 1970 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிக்குது, நாலு கதவு. நம்ம வண்டலூர்ப் பக்கத்து ஃபேக்டரியில செஞ்சது. இங்கிலீஷ்காரன் ரெண்டு கதவோட நிறுத்திக்கிட்டான், நாலு கதவு இங்கே மட்டும்தான். டாக்டர் போய்ச் சேர்ந்துட்டார், அந்தம்மா ஒண்ணே முக்கால் லட்சம் சொல்றாங்க. பார்க்க அசிங்கமா இருக்கும். பெயிண்ட் வெளுத்து, துரு அங்கங்கே பல்லைக் காட்டுது. ஆனா காட்டுறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு, ஒளிச்சு வைக்கலை. இதுக்கு அடியில தனி சேஸிஸ் உண்டு, பாடியை போல்ட்டு கழட்டியே தூக்கிடலாமாம். முன்பக்கம் முழுசா மல்லாந்து திறக்கும், குனியாமலே எஞ்சின் வேலை பார்க்கலாம், அண்ணன் இடுப்புக்கு நல்லது. இங்கிலாந்துல இதுக்கு இன்னும் பாகம் செய்யறாங்க. பின்கதவுக் கண்ணாடி உடைஞ்சா மட்டும் ஆண்டவன்தான் துணை. ஐம்பது வருஷம் தாண்டினதால இதுக்கு அந்த 'வி.ஏ.' நம்பர் கேட்டுப் பார்க்கலாம். இப்போ பங்க்ல ஊத்துற எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது, அதை மட்டும் முதல்ல மாத்தணும்.

ஆவடிப் பெரியவர் கையில குடுத்தா எட்டு மாசம் ஆகும், மாசாமாசம் காசு குடுத்தா போதும். அண்ணன் தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு ஷெட்டுல போய் உக்காந்துக்கலாம். எட்டு மாசம் உனக்கு வீடு அமைதியா இருக்கும், அதுக்கே ஒரு விலை போடலாம்டி.

வர்ற சனிக்கிழமை காலையில கூட்டிட்டு வா. ஏரி கெண்டை வாங்கி வெக்கிறேன், அண்ணனுக்குக் குழம்பு, உனக்கு வறுவல். ஹெரால்டைப் பத்து மணிக்கு வந்து பார்க்கிறோம்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். நாங்க வர்றதுக்கு முன்னாடி டிரைவரை விட்டு ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம், எஞ்சின் ஆறியே இருக்கட்டும்னும் சொல்லியிருக்கேன்.

உன் பிரியமுள்ள சிநேகிதி